புல் என்றொரு வசை

'கிராஸ்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அது புல்லாகத்தான் கேட்டது.

2017. கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம். அங்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டில் பகுதிநேரமாக வேலை செய்துகொண்டிருந்தேன். மதியக் கூட்டம் ஓய்ந்து, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம். குடிநுழைவுத் துறை அதிகாரிகள் முன்வாசல் வழியாக வந்தார்கள். பின்வாசலிலும் இரண்டு பேர் நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அண்ணனிடம் ஏதோ கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு அவர்களோடு நடந்தார். கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. எனக்கு அந்த மடிப்புதான் ஞாபகத்தில் நிற்கிறது. திரும்பி வரப்போகிற ஆள் மடிக்கிற மாதிரி மடித்தார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, லண்டனிலேயே பிறந்து வளர்ந்த, மேசைக்குப் பரிமாறும் பையன் சொன்னான், "ஆரோ கிராஸ் பண்ணிட்டாங்கள்."

"புல்லா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். "காட்டிக்குடுக்கிறது" என்றான்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது இரண்டு நாளில் புரிந்தது. தேநீர் போட்டால் என் கோப்பை மட்டும் விடுபட்டது. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. கடையில் கடைசியாகச் சேர்ந்தவன் நான். மலேசியாக்காரன், முறையான மாணவர் விசா வைத்திருப்பவன். இழக்க எதுவுமில்லாதவன் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் சந்தேகப்பட இன்னொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. யார் செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் பெயரைத் துடைத்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சொல் என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. இத்தனை வருடமாக அவ்வப்போது அதை எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

*

ஆங்கில அகராதிகளில் போலீஸிடம் துப்புக் கொடுப்பவன் என்ற பொருளில் 'கிராஸ்' 1930களில் பதிவாகிறது. லண்டன் கிழக்குப் பகுதியின் எதுகைக் கொச்சையிலிருந்து வந்தது என்பது பிரபலமான விளக்கம். போலீஸ்காரனுக்கு 'காப்பர்' என்று பெயர். அதற்கு எதுகையாக 'கிராஸ்ஹாப்பர்', அதாவது வெட்டுக்கிளி. வெட்டுக்கிளி சுருங்கிப் புல் ஆனது. இன்னொரு விளக்கம், வெர்ஜில் காலத்திலிருந்தே புல்லுக்குள் ஒளிந்திருக்கும் பாம்பு. எது சரியென்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. அதற்கு முன்பே 'நார்க்' இருந்தது. ரோமானி மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்கிறார்கள். 'ஸ்னிட்ச்' என்ற சொல்லும் பழைய கொச்சையில் மூக்குதான். ஆங்கிலேயனுக்குத் துப்பு கொடுப்பவன் மூக்கு என்றால் மலாய்க்காரர்களுக்குக் கண். நம்மூர்ப் பெரியவர்கள் போலீஸை 'மாத்தா' என்பார்கள் இல்லையா, மலாயில் 'மாத்தா' என்றால் கண். வள்ளுவரும் ஒற்றனை அரசனுடைய கண் என்றுதான் சொல்கிறார். ஆனால் அதே வள்ளுவர் அறத்துப்பாலில் புறங்கூறாமைக்குத் தனியாக ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். குடிமகன் செய்தால் இழிவு, அரசன் ஆள் வைத்துச் செய்தால் கடமை. இந்த இரண்டு அதிகாரத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள், ஒரு மாதிரி இருக்கும்.

பிரிட்டனில் இந்தச் சொல்லுக்கு வர்க்கமும் உண்டு. தொழிலாளி வீட்டுப் பிள்ளை 'கிராஸ்' என்று திட்டும். ஈட்டன் போன்ற பணக்காரப் பள்ளிப் பிள்ளை 'ஸ்னீக்' என்று திட்டும். 2020 செப்டம்பரில், கோவிட் காலத்தில், ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி வந்தது. பக்கத்து வீட்டில் கூட்டம் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லுங்கள் என்று அமைச்சர் ஒருவர் மக்களைக் கேட்டுக்கொண்டார். ஈட்டனில் படித்த பிரதமர் போரிஸ் ஜான்சனிடம் இதுபற்றிக் கேட்டபோது, தனக்கு 'ஸ்னீக்' கலாச்சாரம் பிடிக்காது, பெரிய கும்மாளமாக இருந்தால் மட்டும் சொல்லலாம் என்கிற மாதிரி பதில் சொன்னார். கேட்க என்னவோ பெருந்தன்மையாகத்தான் இருந்தது. 2022 ஏப்ரலில் அவருக்கே போலீஸ் அபராதம் விதித்தது. 2020 ஜூனில், ஊரடங்கு விதிகள் அமலில் இருந்தபோது, பிரதமர் அலுவலகத்தில் நடந்த பிறந்தநாள் கூட்டத்துக்காக. தன் வீட்டுக்குள் விருந்து நடத்துகிறவருக்குக் கோள் சொல்லும் பழக்கம் பிடிக்காமல் போவதில் ஆச்சரியமில்லை. காட்டிக்கொடுப்பது கேவலம் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், இப்போதெல்லாம் இவர் எந்த வீட்டுக்குள் இருந்து பேசுகிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஆனால் கீழே இருப்பவர்கள் இந்தச் சொல்லை வெறுப்போடு உச்சரிப்பதற்கு நியாயமான வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒழுங்கான போலீஸ் வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பு ஜோனதன் வைல்ட் என்று ஒரு ஆள் லண்டனில் இருந்தான். வழிப்பறிக்காரனைப் பிடித்துக்கொடுத்துத் தண்டனை வாங்கித் தந்தால் 40 பவுன் வெகுமதி என்று 1692இல் ஒரு சட்டம் இருந்தது. வைல்ட் திருடர்களை வைத்துத் தொழில் நடத்தினான். திருட்டுப் பொருளை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கினான். பேச்சு கேட்காத திருடனைக் காட்டிக்கொடுத்துத் தூக்கில் ஏற்றி அதற்கும் காசு வாங்கினான். ஊரே அவனைக் கெட்டிக்காரன் என்று கொண்டாடியது. கடைசியில் 1725இல் அவனையும் டைபர்னில் தூக்கில் போட்டார்கள். கூட்டம் கல்லெறிந்தது. ஒரு மனிதனின் கழுத்துக்கு அரசாங்கம் விலை வைத்தால் அந்த விலைக்கு விற்க ஆள் வருவான். ஏழைக்குத் தெரு கற்றுக்கொடுத்த பாடம் இது. அதனால்தான் 'சொல்லாதே' என்பது அவர்களுக்கு ஒரு மானப் பிரச்சினை.

சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது. 1966இல் ரைஸ் எதிர் கொனலி என்று ஒரு வழக்கு. கிரிம்ஸ்பி நகரத்தில் நள்ளிரவுக்குப் பிறகு தெருவில் நடந்துபோன ஒருவர் போலீஸுக்கு முழுப் பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தார். கடமையைத் தடுத்தார் என்று தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் அந்தத் தண்டனை ரத்தானது. போலீஸுக்கு உதவுவது தார்மீகக் கடமையாக இருக்கலாம், சட்டக் கடமை இல்லை என்றது நீதிமன்றம். அடுத்த வருடமே, பெரிய குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமலிருப்பதைக் குற்றமாக்கிய பழைய விதியும் போனது. பயங்கரவாதம் மாதிரி சில விஷயங்களில் மட்டும் பின்னால் அந்தக் கடமை திரும்பி வந்தது. மற்றபடி ஒரு பிரிட்டிஷ் குடிமகன் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

*

சொல் பெரியதானது 1973இல். பெர்ட்டி ஸ்மால்ஸ் என்கிற வங்கிக் கொள்ளையன் பிடிபட்டபோது அரசாங்கத்தோடு எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் போட்டான். கூட்டாளிகள் எல்லோரையும் சொல்கிறேன், என்னை விட்டுவிடுங்கள். விட்டுவிட்டார்கள். அவன் சொன்னதை வைத்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். பத்திரிகைகள் அவனை 'சூப்பர்கிராஸ்' என்றன. நீதிமன்றத்தில் பழைய கூட்டாளிகள் அவனைப் பார்த்து வேரா லின்னின் போர்க்காலப் பாட்டொன்றைப் பாடினார்களாம். பிரிந்தவர்கள் மறுபடி ஒருநாள் சந்திப்பதைப் பற்றிய இனிமையான பாட்டு. மிரட்டுவதற்கு இதைவிட நல்ல பாட்டு கிடைக்காது. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே இந்த ஒப்பந்தத்தைப் பார்த்து முகம் சுளித்தது. அதன்பிறகு முழு மன்னிப்பு கிடைப்பது நின்றது. ஸ்மால்ஸை யாரும் கொல்லவில்லை. 2008 வரை இருந்துவிட்டுத்தான் போனான்.

லண்டன் கொள்ளையர் கதையாகவே இருந்திருந்தால் இதை ஒரு சினிமா மாதிரி ரசித்துவிட்டுப் போயிருக்கலாம். இதே முறையைக் கடல் தாண்டி வட அயர்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காட்டிக்கொடுப்பவனுக்கு 'டவுட்' என்று பெயர். கிறிஸ்டோபர் பிளாக் என்ற ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் ஒருவரின் வாக்குமூலத்தை நம்பி, ஜூரி இல்லாத நீதிமன்றம் 1983இல் 22 பேருக்குச் சிறைத்தண்டனை கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் 4000 ஆண்டுகளுக்கு மேல். 1986இல் அந்த 22இல் 18 பேரின் தண்டனை ரத்தானது. காட்டிக்கொடுப்பவன் பொய் சொல்லமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அவனுக்கு விடுதலை வேண்டும், அதிகாரிக்குப் பெயர்கள் வேண்டும். இரண்டு பேருக்கும் இடையில் உண்மைக்கு யார் இருக்கிறார்கள்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் ஜீன் மக்கோன்வில் என்ற பெண்ணை ஐ.ஆர்.ஏ. வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போனது. பத்துப் பிள்ளைகளின் தாய், கணவனை இழந்தவர். துப்புக் கொடுப்பவர் என்று குற்றம் சாட்டிக் கொன்று புதைத்தார்கள். 2003இல்தான் கடற்கரையில் உடல் கிடைத்தது. அவர் துப்புக் கொடுத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை என்று போலீஸ் குறைகேள் அதிகாரி 2006இல் அறிவித்தார். ஒரு தெருவுக்கே 'சொல்லாதே' என்று கட்டளையிடும் அமைப்பு, யார் சொன்னது என்று தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறது. மேல்முறையீடு கிடையாது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. ஐ.ஆர்.ஏ.வுக்குள் துப்புக் கொடுப்பவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்கும் பிரிவிலேயே பிரிட்டிஷ் ராணுவத்தின் உளவாளி ஒருவன் இருந்தான். மறைபெயர் 'ஸ்டேக்னைஃப்'. காட்டிக்கொடுத்தவர்கள் என்று மற்றவர்களை விசாரித்துக் கொல்லும் வேலையில் இருந்தவனே காட்டிக்கொடுப்பவன். அவனால் நூற்றுக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று நெடுங்காலம் ஒரு பேச்சு இருந்தது. 2024 மார்ச்சில் வெளிவந்த கெனோவா விசாரணையின் இடைக்கால அறிக்கை அதை மறுத்தது. காப்பாற்றப்பட்டதைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கும் என்றது. இரண்டு பக்கமும் இந்தச் சொல்லை வைத்து ஆடியிருக்கிறார்கள், நடுவில் தெருவில் இருந்தவர்கள் செத்திருக்கிறார்கள்.

சமையல்கட்டில் இந்தக் கதைகளெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அண்ணனுக்கு இதில் பாதி தெரிந்திருந்தது, வேறு பெயரில். யாழ்ப்பாணத்துக்காரர். ராணுவம் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்தும். முகத்தை மூடிய ஒருவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அங்கே 'தலையாட்டி' என்று பெயர். அவன் தலை ஆடினால் அந்த ஆள் போனான். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே இதைச் சொன்னார். "நீங்கள் அவனை வெறுத்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன். உரிக்கிறதை நிறுத்தாமல், "அவனையும் அடிச்சுத்தான் தம்பி கொண்டந்து வச்சிருப்பாங்கள். முகமூடிக்குள்ள அவனும் அழுதிருப்பான்" என்றார். மறுபக்கம் இயக்கங்கள் துரோகி என்று சொல்லி விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்ட கதைகளையும் அவர்தான் சொன்னார். அதில் யாரையும் நியாயப்படுத்தவில்லை.

*

எனக்கு இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது லிவர்பூல்.

2007 ஆகஸ்ட் 22. ரீஸ் ஜோன்ஸ் என்ற 11 வயதுச் சிறுவன் கால்பந்துப் பயிற்சி முடிந்து குரொக்ஸ்டெத் பகுதியில் வீட்டுக்கு நடந்துவந்தான். இரண்டு இளைஞர் கும்பல்களின் சண்டையில் வேறு யாருக்கோ வைத்த குண்டு அவன்மேல் பட்டது. சுட்டவனுக்கு அப்போது 16 வயது. யார் சுட்டது என்று அந்த வட்டாரத்தில் பேச்சு உடனே பரவிவிட்டது. ஆனால் கூண்டில் ஏறி நின்று சொல்ல ஆள் இல்லை. நண்பர்கள் துப்பாக்கியை மறைத்தார்கள், துணியை எரிக்க உதவினார்கள். சுட்டவனுடைய தாய் போலீஸிடம் பொய் சொன்னார், பின்னால் அதற்காகச் சிறைக்கும் போனார். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே அடுத்த ஏப்ரல் ஆகிவிட்டது.

சரியாகப் பதினைந்து வருடம் கழித்து, அதே தேதி. 2022 ஆகஸ்ட் 22. அதே ஊரில் டோவ்கொட் பகுதி. துப்பாக்கியோடு துரத்தப்பட்ட ஒருவன் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் புகுந்தான். கதவை அடைக்க முயன்ற தாயின் கையைத் துளைத்த குண்டு, பின்னால் நின்ற மகளைக் கொன்றது. ஒலிவியா பிராட்-கோர்பெல், 9 வயது. சுட்டவன் அங்கிருந்து தனக்குப் பழக்கமான ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனான். உடை மாற்றிக்கொண்டான். அந்தப் பெண் போலீஸிடம் போனாள். நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னாள். 2023இல் அவனுக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 42 வருடம். தீர்ப்பைக் கேட்க அவன் கூண்டுக்கு வரவே மறுத்தான். அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. அவளுடைய பழைய வாழ்க்கை அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

இவளுக்கும் 'கிராஸ்' என்றுதான் பெயர். பெர்ட்டி ஸ்மால்ஸுக்கும் அதே பெயர். தமிழில் நமக்கு கோள் சொல்வது வேறு, போட்டுக்கொடுப்பது வேறு, காட்டிக்கொடுப்பது வேறு, சாட்சி சொல்வது வேறு. பேசும்போது நாமும் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பத்தான் செய்கிறோம், ஆனாலும் சொற்கள் தனித்தனியாகக் கையில் இருக்கின்றன. அந்த ஆங்கிலச் சொல் எல்லாவற்றையும் ஒரே கோணிக்குள் போட்டுக் கட்டிவிடுகிறது. அதனால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பதில் சுலபம். தெருவில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு. போலீஸிடமிருந்து ஏழையைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்த விதி, ஏழையிடமிருந்து ரவுடியைக் காப்பாற்றப் பயன்படுகிறது.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? நல்ல சட்டமென்றால் சொல், கெட்ட சட்டமென்றால் சொல்லாதே என்பார்கள். கொஞ்ச தூரம் அது வரும். எனக்கு அதைவிட உதவியது வேறொரு கேள்வி. யார் செலவில்? ஸ்மால்ஸ் பேசினான், விலையை மற்றவர்கள் கொடுத்தார்கள், அவன் வீட்டுக்குப் போனான். அந்த லிவர்பூல் பெண் பேசினாள், விலையை அவளே கொடுத்தாள். மௌனத்துக்கும் இதே கணக்குத்தான். அடி வாங்கியும் தோழனின் பெயரைச் சொல்லாமலிருந்தவர்களை நாம் மதிக்கிறோம், காரணம் அந்த மௌனத்தின் விலை அவர்கள் உடம்பில் இருக்கிறது. குரொக்ஸ்டெத்தில் காக்கப்பட்ட மௌனத்தின் விலையை ஒரு சிறுவனின் பெற்றோர் கொடுத்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் அதை விசுவாசம் என்று அழைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வராது, தெரியும். அந்தத் தெருவில் பயந்துபோய் இருந்த தாத்தா பாட்டிகளிடம் போய் நீங்கள் ஏன் விலை கொடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. பயம் வேறு விஷயம். பயத்துக்குக் கொள்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும்போதுதான் எனக்கு உறுத்துகிறது.

*

பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இந்தப் பயத்தைப் பற்றி நன்றாகவே தெரியும். அதை எங்கே சோதித்துப் பார்த்தது என்பதற்கு நாம் நம்மூர் வரைக்கும் ஒருமுறை வந்துபோக வேண்டும்.

1952 மார்ச். அவசரகாலம். தஞ்சோங் மாலிம் பக்கத்தில் உடைந்த தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போனவர்களைக் கம்யூனிஸ்டுகள் பதுங்கித் தாக்கினார்கள். 12 பேர் செத்தார்கள். அதில் மைக்கேல் கொட்னர் என்ற அதிகாரியும் ஒருவர். மரக்குதிரைக்குள் ஒளிந்து சுரங்கம் தோண்டி ஜெர்மானியப் போர்க்கைதி முகாமிலிருந்து தப்பியவர். உயர் ஆணையர் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊரின் பெரியவர்களைக் கூட்டித் திட்டினார். ஒரு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கு. அரிசிப் பங்கு குறைப்பு. பிறகு வீட்டுக்கு வீடு ஒரு தாள் கொடுத்தார்கள். தெரிந்ததை எழுதுங்கள், பெயர் போட வேண்டாம். தாள்களைப் பூட்டிய பெட்டிகளில் வாங்கி, கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், ஊர்ப் பிரதிநிதிகள் முன்னால் திறந்தார்கள். எல்லோரிடமும் தாள் வாங்கியதால் யார் எழுதினார் என்று காட்டிலிருப்பவர்களுக்குத் தெரியாது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்தத் தாளை எழுதியவர் பசித்த வயிற்றோடு எழுதினார். பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரன் பெயரை எழுதியிருந்தாலும் கேட்க ஆளில்லை. கிரிம்ஸ்பி தெருவில் ஒரு ஆங்கிலேயனுக்குப் பதினான்கு வருடம் கழித்து நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உரிமை, வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை, இங்கே அரிசியோடு சேர்த்துக் குறைக்கப்பட்டது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவையும் சிங்கப்பூர்ச் சட்டத்தின் 424ஆம் பிரிவையும் எடுத்துப் பாருங்கள். சில கடுமையான குற்றங்களைத் தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்பது இன்றும் நமக்குச் சட்டம்.

அந்தப் பெட்டியை நினைக்கும்போது எனக்கு ஈஸ்ட்ஹாம்தான் ஞாபகம் வரும். அங்கே பெட்டிக்குப் பதில் ஒரு தொலைபேசி எண். பெயர் சொல்லத் தேவையில்லை.

*

பிறகு சொல்கிறேன் என்றேன் இல்லையா, அந்த இன்னொரு காரணம்.

அண்ணனுடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. முதலாளி அவருக்கு மணிக்கு நாலு பவுன் கொடுத்தார், அதுவும் மூன்று மாதமாகப் பாக்கி. அந்த வருடம் 25 வயதுக்கு மேற்பட்டவருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 7.50 பவுன். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் சம்பளப் புகாருக்கான எண் ஒன்று ஒட்டியிருந்தது. கைப்பேசியில் 'சம்பளம்' என்று பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். ஒருநாள் தொட்டி பக்கத்தில் நின்று, "ரிப்போர்ட் பண்ணலாம் அண்ணே, நானே பண்றேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விசரே உனக்கு?" என்று சத்தம் போட்டார். மற்றவர்கள் காதில் விழுந்தது 'ரிப்போர்ட்' மட்டும்தான். அடுத்த வாரம் அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை.

அன்றைக்குச் சத்தம் போட்ட பிறகு, அவரே குரலைத் தாழ்த்திச் சொன்னார், "நீ நல்லதுக்குத்தான் சொல்லுறாய் தம்பி. ஆனா அவங்கள் வந்தா முதலாளியிட்டச் சம்பளம் கேக்க மாட்டாங்கள். என்னட்ட விசா கேப்பாங்கள்." அது உண்மைதான். அனுமதியில்லாமல் வேலை செய்வதையே குற்றமாக்கி, அந்தக் கூலியைக் குற்றத்தில் வந்த பணமாகப் பறிக்கலாம் என்று 2016இல் சட்டம் வந்திருந்தது. அதே வருடம் லண்டனில் ஒரு பர்கர் நிறுவனம் ஊழியர் கூட்டம் என்று கூப்பிட்டு, வந்தவர்களை அதிகாரிகள் பிடித்துக்கொண்டு போன செய்தியை எல்லோரும் படித்திருந்தோம். 35 பேர். அண்ணன் கேட்டுக்கொண்டதால் நான் பேசாமல் இருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அது அவருடைய மௌனம், நான் அதைக் கொஞ்சம் சுமந்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அவரைக் கொண்டுபோன பிறகு? அவருக்கு இனி என்னால் ஆபத்து இல்லை. முறையான விசா உள்ள இன்னும் இரண்டு பேர் அதே கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். எண் கையில் இருந்தது. நான் அதற்குப் பிறகும் மூன்று மாதம் அங்கே வேலை செய்தேன், ஒரு அழைப்புகூடப் பண்ணவில்லை. ஏனென்றால் மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நான் முப்பத்தைந்து மணி நேரம் செய்துகொண்டிருந்தேன். மேலதிக நேரத்துக்கு முதலாளி எனக்கு மட்டும் கையில் ஒழுங்காகக் காசு கொடுத்துவிடுவார். கேட்டால் 'காட்டிக்கொடுக்கிற புத்தி எனக்கில்லை' என்று சொல்லியிருப்பேன். என்னைக் 'கிராஸ்' என்று நினைத்தவர்களிடம் அப்படி இல்லை என்று நிரூபித்துக்கொள்கிற மாதிரியும் ஆயிற்று. இரண்டு வாரத்தில் தேநீர்க் கோப்பை திரும்ப வந்தது.

அண்ணன் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். திருச்சிப் பக்கம். முதல் நாள், ஏப்ரனைக் கட்டத் தெரியாமல் பின்னால் முடிச்சோடு போராடிக்கொண்டே என்னிடம் கேட்டான், "அண்ணே, இங்க சம்பளமெல்லாம் கரெக்டா குடுப்பாங்களா?"

முடிச்சை நான்தான் போட்டுவிட்டேன்.

"குடுப்பாங்க" என்றேன். "கொஞ்சம் லேட்டாகும்."